பங்குனி வெயிலில் ஒரு குடை

அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் காற்றுதான் வந்து தொடும். உப்பளத்துச் சேறு, கழிமுகத்து இறால் வாடை, சவுக்குத் தோப்பின் காய்ந்த சருகு எல்லாம் அதில் கலந்திருக்கும். நீங்களும் கும்மிடிப்பூண்டி வண்டியில் போய் வந்தவர் என்றால், எண்ணூர் தாண்டியதுமே கண்ணை மூடிக்கொண்டு ஊர் வந்துவிட்டதைச் சொல்லியிருப்பீர்கள். அந்த உப்புக் காற்றுதான் எங்கள் குடைக்கு முதல் எதிரி.

குடை என்று நாங்கள் சொன்னது டிஷ்ஷை. அதற்கு முன்னால் சவுக்குக் கழியில் கட்டிய அலுமினியக் குச்சி ஆன்டெனா இருந்தது; 1975 ஆகஸ்ட் 15 முதல் மதராஸ் தூர்தர்ஷன் அதில் வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க டி.வி. இருந்த வீட்டுத் திண்ணை கொள்ளாது. காக்கா உட்கார்ந்து கழி திரும்பினால் ஒரு சின்னப் பையன் ஏறிச் சரிசெய்துவிடுவான். வானத்துச் செயற்கைக்கோள் அப்படிச் சின்னப் பையன் கைக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற சிக்னல் ஊருக்கு வந்து சேரும்போது உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

குடையைக் கட்டியது வெல்டிங் பட்டறை அண்ணனும் ரேடியோ மெக்கானிக் மாமாவும். கடையில் விற்ற டிஷ் நமக்குக் கட்டுப்படியாகிற விலையா? களத்துமேட்டில் கோலம் போடுவதுபோல மாமா சாக்கட்டியால் வளைவு வரைவார். எட்டடி அகலம், நடுவில் பதினாறு அங்குலம் பள்ளம். எல்லாம் அங்குலக் கணக்கில், அகலத்தை அகலத்தால் பெருக்கி, பள்ளத்தைப் பதினாறால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் மூன்றடி வரும். அந்த மூன்றடி உயரத்தில்தான் குடையில் விழுந்த சிக்னல் அத்தனையும் ஒரு புள்ளியில் கூடும், சிக்னலை வாங்கும் கருவியான எல்.என்.பி.யின் வாய் அங்கே இருக்க வேண்டும். அரை அங்குல இரும்புக் குழாயை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வளைப்பார் அண்ணன். பொடிக்கண் வலையை விரித்து, கட்டுக் கம்பியால் முடிச்சுப் போடுவது எங்கள் வேலை. வலைக்கண் பெரிதாக இருந்தால் சிக்னல் அதன் வழியே ஒழுகிப் போய்விடும் என்று மாமா ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்ப்பார். கட்டுக் கம்பி கிழித்த தழும்பு அந்தத் தெருப் பையன்கள் கையில் இன்னும் இருக்கும்.

முதலில் பிடித்தது ஏசியாசாட் 1 என்ற செயற்கைக்கோளை. அதன் கதையை மாமா சொல்லிக் கேட்க வேண்டும். 1984இல் அமெரிக்காவிலிருந்து அனுப்பி, பாதை தவறிப் பயனில்லாமல் சுற்றியதை, அந்த வருஷமே விண்வெளி ஓடத்தில் போய்ப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி ஏற்றினார்கள். “மேலே இருக்கிறதும் ரிப்பேர் பண்ணினதுதான்டா, நம்ம குடையும் ஒட்டுப் போட்டதுதான். ரெண்டுக்கும் பொருந்தும்” என்பார்.

பொருந்தத்தான் நாளாயிற்று. கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, வானத்தில் பாதிக்கும் மேலே குடை அண்ணாந்து பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் அண்ணன், படிக்கட்டில் ஒருவன், வாசலில் ஒருவன், டி.வி. முன்னால் அத்தை. “ஒரு நூல் ஏத்துங்கண்ணா” என்று கீழிருந்து குரல் மேலே போகும். “இப்ப?” என்று மேலிருந்து கீழே வரும். “முகம் தெரியுது, புள்ளிதான் அடங்கல” என்பாள் அத்தை. கறுப்பும் வெளுப்புமாக அந்தப் புள்ளிகள் திரை முழுக்கச் சிதறும்.

புள்ளியை அடக்கத்தான் எட்டடியைப் பத்தடியாக்கினார்கள். விளிம்பைச் சுற்றி ஒரு முழம் வலை ஒட்டினால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். மாமா விடவில்லை. அதே வளைவு அப்படியே நீண்டால் பத்தடிக்குப் பள்ளம் இருபத்தைந்து அங்குலம் வரும்; அந்தக் கணக்கு தப்பினால் ஒட்டிய வலை வெறும் பாரம் என்றார். பழைய குழாய்களின் நுனியில் புதுத் துண்டுகளைப் பற்றவைத்தார்கள். வாங்கும் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போனது. புது விளிம்பையும் பார்க்கும்படி எல்.என்.பி. வாயைச் சுற்றிய வளையத்தை மாமா நகர்த்தி நகர்த்தி வைத்தார். அன்று ராத்திரி புள்ளி அடங்கியது. அத்தை சுக்குக் காபி போட்டுத் தந்தாள்.

பங்குனி பிறக்கும்போது ஒரு சடங்கு உண்டு. காலை பத்தேகால் வாக்கில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நிமிஷம் படம் முழுக்கப் புள்ளியாகிப் போகும். தெரு அலுத்துக்கொள்ளும்போது மாமா மாடிக்கு ஓடுவார். எல்.என்.பி.யின் நிழல் குடையின் நட்டநடுவில் விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால் குடை சரியாகப் பார்க்கிறது என்று அர்த்தம். விலகினால் அன்றே திருகாணியைத் தளர்த்துவார். புரட்டாசி நடுவிலும் அதே காவல். பஞ்சாங்கத்தில் இல்லாத அந்த நாள் எங்கள் தெருவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. வந்தபோது குடையிலிருந்து ஒயர் வேப்பமரம், முருங்கைமரம் தாவி வீடு வீடாகப் போயிருந்தது. ஐப்பசி அடைமழையில் படம் தாங்கும், ஒயர் மூட்டு தாங்காது. செம்பில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, டேப் சுற்றுவார்கள். வலை துருவேற ஏற வெள்ளிப் பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பெயின்ட் வாசனை வந்தால் தீபாவளி கிட்டே வந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் ஊர்ப் பக்கம் அனல் மின் நிலையம் 1994இல் ஓடத் தொடங்கியது, 2001இல் துறைமுகம் திறந்தது. உப்பளம் சுருங்கியது, லாரி பெருகியது. வெல்டிங் பட்டறை இருந்த இடத்தில் இப்போது பூட்டிய ஷட்டர். மாமா இல்லை, அத்தையும் இல்லை. ஊர்க் குடை பழைய இரும்புக்குப் போயிற்று; வீட்டுக்கு வீடு தட்டு மாதிரி சின்ன டிஷ் வந்தது, இப்போது அதுவும் தேவைப்படாமல் துருப்பிடிக்கிறது. படம் கண்ணாடிபோல் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நின்றுபோனால் நாம் செய்ய ஒன்றுமில்லை. எங்கோ இருக்கும் ஒரு நம்பருக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். கோளாறு என்றால் மாடிக்கு ஏறலாம், கணக்குப் போடலாம், நான்கு பேரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற தைரியம் அந்தத் தெருவில் இருந்தது. குடையை விட எனக்கு அந்தத் தைரியம் போனதுதான் பெரிய நஷ்டம்.