கோதண்டமும் கியர் சைக்கிளும்

மேற்கு மாம்பலம் கோதண்டராமருக்கு ஒரு சௌகரியம். வில்லோடு ரங்கநாதன் தெருவில் சைக்கிள் ஓட்ட வேண்டியதில்லை! நம்ம ஆபீஸ் வில்லாளிக்கு ஏது அந்தக் கொடுப்பினை? ஒலிம்பிக் ரக வில், நாண் பூட்டினால் சுமார் ஐந்தரை அடி. ஹேண்டில்பாரில் குறுக்கே கட்டினால் பாண்டி பஜார் முந்தானைகள் எல்லாம் உங்களோடு வரும். கழற்றினால் மூன்றே துண்டு, முதுகுப் பையில் அடக்கம். அம்புகள் மட்டும் மூடி போட்ட குழாயில், முனை கீழே பார்த்து. (லஸ் கார்னரில் சடன் பிரேக் போடும் ஆட்டோ, அம்பைப் பார்த்தா நிற்கிறது?)

அடையாறு தாண்டி கிண்டிப் பக்கம் போகிறவர்கள்தான் உஷாராக இருக்கணும். 1978-ல் தேசியப் பூங்காவான இடம். வெளிமான், புள்ளிமான் மேய்கிற காடு. அனுமதியில்லாமல் உள்ளே ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. 'சும்மா பிராக்டிஸ் ஸார்' என்றால் வனக்காவலர் சிரிப்பார், விடமாட்டார்.