சோழமண்டலத்துச் சாயமும் நம் வீட்டு வெள்ளை டைலும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் குடியிருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. பட்டணத்து நெரிசலுக்குள் நுழையாமலே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டிக் கிழக்கே போனால் அக்கரை. அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். வலது பக்கம் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில் பார்த்து வந்தேன். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை; அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோழமண்டலம் பிறந்த கதை, கைவேலையில் ஆசையுள்ள பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது லேசா என்ன? சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த காசைக் கொண்டு நிலம் வாங்கி, 1966-ல் இந்தக் கிராமத்தை அமைத்தார்கள். "இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு" என்று யாராவது சொன்னால், ஈஞ்சம்பாக்கத்தைக் காட்டுங்கள்!

பாத்திக் வேலையில் உருக்கிய மெழுகால் துணியில் சித்திரம் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடங்களில் நூல் சாயத்தைக் குடித்துவிடும்.

தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்ததும் எனக்கு ஆத்தங்குடிக் கல் நினைவுக்கு வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் அது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூவும் கொடியுமாக ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு இறுக்குவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கெட்டிப்படும். நிறம் கல்லின் உடம்பிலேயே இருப்பதால், நடக்க நடக்க மெருகேறுமே தவிர அழியாது.

நம் குளியலறைக்கு வாங்கும் வெள்ளை டைல் இந்த இரண்டு வகையிலும் சேராது. அதன் முகத்தில் இருப்பது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு. அது சாயத்தைக் குடிக்காது. நாம் போடும் நிறம் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தேவையானவை: வீட்டு வேலையில் மிஞ்சிய வழவழப்பான வெள்ளை டைல், பர்மனென்ட் மார்க்கர் பேனாக்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால், இங்க் ஃபில்லர், அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே.

செய்முறை: டைலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டு ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். இரண்டு மூன்று நிறங்களைத் திட்டுத் திட்டாகத் தீட்டுங்கள். ஃபில்லரால் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறங்கள் உருகி ஓடி, ஒன்றோடொன்று கலந்து பூப்போல விரியும். பார்க்கவே கொள்ளை அழகு! பிடிக்கவில்லையா? ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். புள்ளிக் கோலம் போட விரும்பினால் மார்க்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; சொட்டு வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு மொட்டை மாடியில் வைத்து ஸ்பிரேயை மெல்லிய பூச்சாக, காயக் காய மூன்று நான்கு முறை அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் நிறம் கலைந்து ஓடும்.

என் டைலைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "நல்லா இருக்கே! இதுல பிள்ளைக்குப் பிஸ்கட் வச்சுக் குடுக்கலாமா?" என்று கேட்டார். "வேண்டாங்க்கா, இது கண்ணுக்கு மட்டும்தான்" என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இந்த நிறம் சூளையில் சுட்டதல்ல. சாப்பிடும் பொருள் எதையும் இதன் மேல் வைக்கக் கூடாது. சூடான காபி டபராவை வைத்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். வெயில் நேராக விழும் இடத்தில் சாயம் வெளுக்கும். தரையில் பதித்தால் தேய்ந்துபோகும். நிழலான சுவரில் மாட்டலாம். அடியில் துணி ஒட்டி ஜில்லென்ற தண்ணீர்க் குவளை வைக்கலாம்.

இன்னொன்று மிக முக்கியம். ஆல்கஹாலும் ஸ்பிரேயும் சட்டென்று தீப்பிடிப்பவை. அடுப்படியிலும் பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் இந்த வேலை கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் புட்டியை இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் நிறம் தீட்டட்டும். சொட்டு விடுவதும் ஸ்பிரே அடிப்பதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

வருகிற நவராத்திரிக்கு வெற்றிலைப் பாக்கோடு ஆளுக்கொரு டைல் கொடுத்துப் பாருங்களேன். வாங்கிப் போகிறவர்கள், "இது எந்தக் கடையில் வாங்கியது?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்!