ஈரம் பார்க்கிற வேலை

கிரிக்கெட் பிட்ச் போடுகிறவன் நான். இப்போது சட்டையில் ‘கியூரேட்டர்’ என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நான் சேர்ந்தபோது ‘ரோலர் இழுக்கிற பையன்’ என்றுதான் சொல்வார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் கல் ரோலரின் கம்பியை முதலில் பிடித்தபோது எனக்கு 17 வயது. 31 வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்கு எங்கள் பக்கத்து ஆட்டங்கள் பெரும்பாலும் பாய் விக்கெட்தான். தேங்காய் நார்ப்பாயை விரித்து, நாலு பேர் நாலு மூலையில் நின்று விறைப்பாக இழுத்து, ஓரமெல்லாம் ஆணி அடிப்போம். மேலேதான் பாய் இருக்கிறதே, கீழே மண் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பாய்க்கு அடியில் புளியங்கொட்டை அளவு கல் ஒன்று கிடந்துவிட்டது. முட்டிக்கு வர வேண்டிய பந்து பேட்ஸ்மேனின் தாடையைப் பெயர்த்தது. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சி திட்டவில்லை. மறுநாள் விடியக்காலம் பாயைச் சுருட்டிவிட்டு, 22 கஜமும் முட்டிபோட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே வரச் சொன்னார். பத்தடி அகலம் வேறு. முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது.

அண்ணாச்சி வயல்காரர். பிட்ச் மண்ணையும் வயல் மண்ணாகவே பார்ப்பார். கோவில்பட்டிக் கரிசலை மட்டும் போட்டால் கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். திசையன்விளைத் தேரி மணல் கட்டவே கட்டாது. பாளையங்கால்வாய்த் தண்ணீர் நிற்கிற குளங்களில், கோடையில் வற்றியபின் அடியில் கிடைக்கும் கரம்பைதான் அவருக்குப் பிடித்த மண். அதிலும் எந்தக் குளம், குளத்தில் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். மடைப்பக்கத்து மண் ஒரு மாதிரி, நீர்வரத்துப் பக்கத்து மண் வேறு மாதிரி. மண்ணை நனைத்துப் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் நாலைந்து நாள் காயப்போடுவார். பிறகு தரையில் வைத்துக் குதிகாலால் மிதிப்பார். பொடிந்தால் அந்த மண் வேண்டாம். ‘டப்’பென்று சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தால் மாட்டுவண்டியைக் கூப்பிடலாம். இங்கிலாந்தில் மைதானம் பார்க்கிறவர்களும் இப்படியே உருட்டிக் காயவைத்துத் தராசின்மேல் அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணாச்சிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்.

என் பெரிய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய பிட்ச் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. வழவழவென்று இருந்த அந்தத் தரையின் மேலேயே அரை அங்குலம் புதுமண் தூவி உருட்டிவிட்டேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே தோசை பெயர்கிற மாதிரி பாளம் பாளமாகக் கிளம்பிவிட்டது. பழைய மண்ணைக் கொத்தி, கீறி, ஈரமாக்கி, அதன்மேல் புதுமண்ணைப் போட்டால்தான் இரண்டும் ஒன்றாகும். அன்றைக்கு மட்டும் அண்ணாச்சி வாய் திறந்தார்: “ஏலே, பழைய சுவத்துல சுரண்டாமச் சுண்ணாம்பு அடிச்சா நிக்குமால?”

ரோலர் இழுக்க உடம்பு இருந்தால் போதும். எப்போது இழுக்கக்கூடாது என்பதைக் கற்கத்தான் எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. தண்ணீர் கட்டிய பிட்சில் பெருவிரலை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் ரோலரைத் தொடாதீர்கள். மண் உருளையில் அப்பி, தரை அம்மைத்தழும்பு ஆகிவிடும். விரலில் தூசி ஒட்டினால் நேரம் கடந்துவிட்டது. எத்தனை டன் ஏற்றினாலும் மேலே பளபளக்குமே தவிர உள்ளே இறுகாது. ரேகை மட்டும் பதிந்து, விரலில் மண் ஒட்டாமல் வர வேண்டும். அதுதான் பதம். நம் வெயிலில் அந்தப் பதம் அரை மணி நேரம் நின்றாலே பெரிது. கல்யாண வீட்டில் இருந்தாலும் எழுந்து வந்துதான் ஆக வேண்டும். நான் வந்திருக்கிறேன். வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

புல்லைப் பற்றியும் ஒன்று. பெர்முடா என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகுதான். அதன் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, அடி ஈரத்தையும் மேலே இழுத்துக் காயவைக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் சுத்தமாக மழித்துவிடச் சொல்லி ஆட்கள் வருவார்கள். காதில் வாங்காதீர்கள்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்றோடு சாரல் வரும். பயந்துபோய் ஒருமுறை இரண்டு நாள் தார்ப்பாயை எடுக்காமலே விட்டுவிட்டேன். மழை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் பாய்க்கு அடியில் மண் வியர்த்து, பிட்ச் களியாகிக் கிடந்தது. அதிலிருந்து சாரல் விடுகிற ஒவ்வொரு இடைவெளியிலும் பாயைத் தூக்கிக் காற்றுக் காட்டுவேன், நடு ராத்திரியானாலும் சரி.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து சங்கர் நகர் மைதானத்துக்குப் பெரிய ஆட்டங்களும் கேமராக்களும் வருகின்றன. 2023 ஜூலை 12-ஆம் தேதி இறுதி ஆட்டமும் அங்கேதான். அந்தப் பிட்சில் என் கை படவில்லை. சனத்தோடு சனமாக உட்கார்ந்து பார்த்தேன். கோவை 205 அடித்தது. நம்ம நெல்லை 101-க்குச் சுருண்டது. “பிட்ச் மாறிப்போச்சு வே” என்றார் பக்கத்தில் இருந்தவர். மூன்றரை மணி நேரத்தில் மண் எவ்வளவுதான் மாறும்? நான் வாயைத் திறக்கவில்லை. டிவியில் பிட்ச் ரிப்போர்ட் சொல்கிறவர்கள் வெடிப்புக்குள் சாவியை விட்டுக் காட்டும்போதுதான் எனக்கு ஆத்திரம் வரும். பார்க்க விரல் போதுமே, ஐயா.

அண்ணாச்சி போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருடைய திமிசுக்கட்டை என்னிடம்தான் இருக்கிறது. பவுலர் கால் வைத்துப் பறித்த குழியை இன்றும் அதை வைத்துத்தான் இடித்து அடைக்கிறேன்.

வேலை கற்க வருகிற தம்பிகள் பங்குனியில் வாருங்கள். குளம் வற்றி, கரம்பை எடுக்கிற மாதம் அது. காலை ஐந்தரைக்கு நான் பிட்சில் இருப்பேன். செருப்பைக் கயிற்றுக்கு வெளியே விட்டுவிட்டு வரவும்.