ஆயில் ஒழுகும் வண்டிகளும் அவற்றின் மனிதர்களும்

பழைய பிரிட்டிஷ் பைக்குகளைப் பற்றி ஒரு ஜோக் உண்டு. "வண்டிக்குக் கீழே ஆயில் சொட்டவில்லையா? அப்படியென்றால் உள்ளே ஆயிலே இல்லை!" இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் வேறு யாருமில்லை, அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களேதான் :-)

ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன், வின்சென்ட்... ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்த பெயர்கள். லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையோரம் 1938ல் திறக்கப்பட்ட ஏஸ் கஃபே, லாரி டிரைவர்கள் டீ குடிக்கும் கடை. 1950களிலும் 60களிலும் ராத்திரியானால் அங்கே லெதர் ஜாக்கெட் பையன்கள் கூடிவிடுவார்கள். நார்ட்டன் ஃப்ரேமில் ட்ரையம்ஃப் இன்ஜினை உட்கார வைத்து அதற்கு 'ட்ரைட்டன்' என்று பெயர் வைத்ததெல்லாம் அந்தத் தலைமுறைதான். ஊர் அவர்களை ரவுடிகளாகத்தான் பார்த்தது. 1964ல் ப்ரைட்டன், மார்கேட் கடற்கரைகளில் ஸ்கூட்டர் கோஷ்டியான 'மாட்ஸ்'களோடு நடந்த அடிதடிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் மட்டும் 1962ல் தானே பைக்கில் கிளம்பி ஏஸ் கஃபேக்குப் போய், "நம்ம கிளப்புக்கு வாங்கப்பா" என்று கூப்பிட்டார். அதுதான் புகழ்பெற்ற 59 கிளப்.

1969ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏஸ் கஃபே மூடப்பட்டது. ஜப்பானிலிருந்து ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். ஆயிலும் ஒழுகாது! பழைய இயந்திரங்களையும் பழைய பெருமையையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கம்பெனிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1973ல் பிஎஸ்ஏ தனிக் கம்பெனியாக இல்லாமல் போனது. ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்திப் பார்த்தார்கள். அதுவும் 1983ல் முடிந்தது.

கம்பெனி போனாலும் வண்டிகள் இருந்தன. அவற்றின் நட்டுகளுக்கு விட்வொர்த் அளவு ஸ்பேனர் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பொருந்தாது. கார்புரேட்டரின் டிக்லரை எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்பதை விரலில் படும் பெட்ரோல்தான் சொல்லும். சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளைப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து, அது நழுவும் நொடியைப் பார்த்து டைமிங் வைப்பார்கள். இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும். ஆக, வண்டியின் குறைதான் மனிதர்களைச் சேர்த்து வைத்தது. ரிப்பேரே ஆகாத வண்டிக்காரனுக்கு அடுத்தவன் உதவி எதற்கு?

இப்போது காட்சி மாறிவிட்டது. ஏஸ் கஃபே 2001ல் மீண்டும் திறக்கப்பட்டது. அதை உயிர்ப்பித்தவர் மார்க் வில்ஸ்மோர், ஒரு முன்னாள் போலீஸ்காரர் என்பதுதான் வேடிக்கை! அன்றைய ரவுடிப் பையன்கள் இன்று தாத்தாக்கள். பழைய தோற்றத்தில் புது வண்டிகளும் வந்துவிட்டன. இங்கிலாந்தில் பிறந்து, 1955 முதல் சென்னையில் வளர்ந்த என்ஃபீல்டு, 2013ல் தன் கான்டினென்டல் ஜிடியை அறிமுகப்படுத்தியது அதே ஏஸ் கஃபேயில்தான். பட்டன் ஸ்டார்ட்தான், முழங்காலுக்கு வேலையில்லை. இளைஞர்கள் கோட், டை மாட்டிக்கொண்டு நன்கொடை திரட்டும் ஊர்வலம் ஒன்று 2012ல் சிட்னியில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. "இது ஃபேஷன் ஷோ" என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் உண்டு. அந்த லெதர் ஜாக்கெட்டும் ஒரு காலத்தில் ஃபேஷன்தானே!

இன்னொரு வேடிக்கை. 1946ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் முதலில் 1931க்கு முந்தைய வண்டிகளுக்காகத்தான் இருந்தது. பிறகு 25 வருடம் கடந்த எந்த வண்டியும் வரலாம் என்று கதவு திறந்தது. அந்தக் கணக்கில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கதையை முடித்த ஹோண்டாவும் இன்று மரியாதைக்குரிய கிழவர்தான்! எதிரிக்கே இடம் கொடுத்தவர்கள், வரலாறு தெரியாத இருபது வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் கொடுக்க மாட்டார்களா?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கணக்குப் புத்தகப்படி வண்டி என்றால் வருடா வருடம் தேய்மானம். அபூர்வமான வின்சென்டுக்கோ விலை ஏறியது. சாலையில் ஓட வேண்டிய வண்டி, முதலீடாகப் போர்வைக்குள் போய்விட்டால் அது பழுதாகாது. பழுதாகாவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். முழங்கால் வலியால் கிக்கரை உதைக்க முடியாத பெரியவருக்கு ஓர் இளங்கால் வேண்டும். வண்டி வாங்கக் காசில்லாத இளைஞனுக்கு அந்தப் பெரியவரின் கை வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஷெட்டில் சந்தித்தால்தான் இந்தக் கூட்டம் பிழைக்கும்.

வண்டியை மியூசியத்தில் வைக்கலாம். அந்தச் சிகரெட் தாள் வித்தையை எங்கே வைப்பது?

உங்கள் தெருவிலும் பழைய புல்லட்டைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். அடுத்த முறை கடந்து போகும்போது கொஞ்சம் நின்று, "ஸ்பேனரை எடுத்துத் தரட்டுமா ஐயா?" என்று கேட்டுப் பாருங்களேன்.