அவன் வேண்டாம்... அப்பா போதும்! - ஒரு டீ மாஸ்டர் வீட்டு சீஸ்கேக்

அந்த வீட்டில் நான்கு மாதங்களாக யாரும் டீயைப் பற்றிப் பேசவில்லை.

கோவை, சிங்காநல்லூர் பகுதியில் 31 ஆண்டுகள் டீக்கடை நடத்தியவரின் வீடு அது. காலை 4 மணிக்கு பாய்லரில் தண்ணீர் ஊற்றினால், இரவு 9 மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். ஒரு நாளைக்கு 400 கிளாஸ் டீ ஆற்றிய கை. கடைசியில் அந்தக் கைதான் முதலில் மக்கர் செய்தது. வலது தோள்பட்டை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது. தைலம், ஒத்தடம், பிசியோதெரபி என்று எல்லாம் பார்த்தாயிற்று. டம்ளரை உயரத் தூக்கி டீ ஆற்ற முடியவில்லை.

"போதுங்கப்பா. நான்தான் சம்பாதிக்கிறேன்ல? கடையை விட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னது மகள்தான். 27 வயது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை.

அவர் மறுத்துப் பேசவில்லை. பாய்லரை விற்றார். பெஞ்சுகளைக் கொடுத்துவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தவை இரண்டே பொருள்கள். டிகாக்‌ஷன் வடிக்கும் துணிப்பை ஒன்று. மூடி இறுகிய தகர டின்னில் மூன்று கிலோ டீத்தூள். இரண்டையும் பரணில் ஏற்றினார். பிறகு டி.வி முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியேதான் இருந்தார்.

விடிகாலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும். ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா கொடுக்கிற டீயில் பாதி டம்ளரிலேயே ஆறிப்போகும். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். அப்பாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாக நினைத்திருந்த மகளுக்கு, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று உறுத்த ஆரம்பித்தது. ஆனால், அதை எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கேக்

அப்பா அம்மாவின் 30-வது திருமண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வீட்டிலேயே கேக் செய்யலாம் என்று மகள் முடிவு செய்தாள். ஆனால், வீட்டில் அவன் கிடையாது. இருப்பது இரண்டு பர்னர் அடுப்பும் ஒரு ஃப்ரிட்ஜும்தான்.

அப்போதுதான் சீஸ்கேக் ஞாபகம் வந்தது. சீஸ்கேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முட்டை சேர்த்து அவனில் வேகவைப்பது. இன்னொன்று, வேகவே வைக்காதது. பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசைந்து அடியில் அழுத்தி, மேலே சீஸ் கலவையை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் போதும். இறுக்குவது நெருப்பு அல்ல, குளிர்.

அலுவலகத் தோழிகளோடு ஒருமுறை கஃபேவில் ஏர்ல் கிரே சீஸ்கேக் சாப்பிட்டிருக்கிறாள். கறுப்புத் தேயிலையில் பெர்கமாட் என்கிற எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெயைச் சேர்த்தால் அது ஏர்ல் கிரே. டீயைக் கேக்கில் போடலாம் என்றால், டீ மாஸ்டர் வீட்டில் அதற்கு ஏன் வெளிநாட்டுப் பெயர்? பரணைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, அப்பாவைக் கேட்காமலேயே டின்னை இறக்கினாள்.

சொதப்பலில் வந்த குரல்

முதல் முயற்சியில் எல்லாமே தப்பாகப் போனது.

டீ வாசம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று, இரண்டு கரண்டி டீத்தூளைத் தண்ணீரில் போட்டு பத்து நிமிடம் கொதிக்கவிட்டாள். அதிலேயே கடல்பாசியையும் கரைத்தாள். சீஸ்கேக்கை இறுக்க பலரும் ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது விலங்குகளிடமிருந்து எடுக்கப்படுவது. அம்மா அதைத் தொடமாட்டார். கடல்பாசி என்றால் பிரச்னை இல்லை. நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருகிற அதே கடல்பாசிதான்.

கொதிக்கக் கொதிக்க இருந்த அந்தத் தண்ணீரை, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த தயிர்க் கலவையில் ஊற்றினாள். அடுத்த நொடி கலவையெங்கும் சிறு சிறு கட்டிகள். நாக்கில் வைத்தால் கஷாயம்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தூளை யாரு சாமி இப்பிடிப் போட்டுக் கொதிக்க வெக்கறது?"

சமையலறை வாசலில் அப்பா. டின் திறந்து கிடந்ததைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கிண்ணத்தில் விரலைவிட்டு நக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கசக்குதுங்கப்பா. ஸ்ட்ராங்கா இருக்கோணும்னுதான் ரொம்ப நேரம் வெச்சேன்."

"ஸ்ட்ராங்கு வேணும்னா தூளைக் கூட்டோணும் கண்ணு. நேரத்தைக் கூட்டக் கூடாது."

நான்கு மாதங்களில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. அதோடு நிற்கவும் இல்லை. நம் டீக்கடைகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது டஸ்ட் டீ. தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்கிற சி.டி.சி முறையில் வருவது. குறுணை சிறியது என்பதால், வெந்நீர் பட்ட சில நிமிடங்களிலேயே நிறமும் திடமும் இறங்கிவிடும். அதற்கு மேலும் கொதிக்கவிட்டால் கசப்பும் துவர்ப்பும்தான் ஏறும். அதனால்தான் கடையில் தூள் துணிப்பையில் இருக்கும். பாய்லர் வெந்நீரை அதன் மேல் ஊற்றி வடிப்பார்கள்.

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மாவும் எழுந்து வந்துவிட்டார்.

"ஏனுங்க, அப்ப 30 வருசமா நான் கொதிக்க வெச்சுப் போட்ட டீ?"

அப்பா பதில் சொல்லவில்லை. மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை: தயிர்

மறுநாள் காலை அவராகவே கேட்டார். "அந்தக் கேக்கு என்னாச்சு?"

க்ரீம் சீஸ் வாங்கலாம் என்றாள் மகள். விலையைக் கேட்டதும், "அது என்ன பொருளு?" என்றார். பாலும் க்ரீமும் சேர்த்துச் செய்கிற, லேசாகப் புளிக்கிற, மிருதுவான சீஸ் என்று விளக்கினாள். "நம்ம தயிரைக் கட்டித் தொங்க விட்டாலும் அப்பிடித்தான வரும்?" என்றார் அவர். கொஞ்சம் பனீர் சேர்த்து அரைத்தால் உண்மையிலேயே கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.

ஒரு கிலோ கெட்டித் தயிர். வெள்ளை மல் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். தண்ணீர் எல்லாம் வடிந்து 400 கிராம் அளவுக்குக் கெட்டியாகத் தேறும். மகள் போட்ட முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாவது முறை அப்பா வாங்கி, இடது கையாலேயே சுற்றி இறுக்கினார். டீ வடிக்கிற பைகளை 31 வருடம் தானே தைத்து, கட்டிப் பழகியவர்.

சனிக்கிழமை: டீ

அடித்தளத்துக்கு 200 கிராம் மேரி பிஸ்கட் என்று எழுதி வைத்திருந்தாள். "பாதி சால்ட் பிஸ்கட் போடு. நம்ம கடையில டீயோட அதுதான் அதிகம் போகும்" என்றார். 100 கிராம் மேரி, 100 கிராம் சால்ட் பிஸ்கட். மிக்ஸியில் பொடித்து, 80 கிராம் உருக்கிய வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, அடிப்பகுதி கழற்றக்கூடிய 8 அங்குல டின்னில் டம்ளரின் அடியால் அழுத்தி, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

வடிந்த தயிர், 100 கிராம் பனீர், 200 மில்லி ஃப்ரெஷ் க்ரீம் மூன்றையும் மிக்ஸியில் வழவழவென்று அரைத்தாள். இந்த முறை எதுவும் சில்லென்று இல்லை. ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தாள். கடல்பாசி சமாசாரமே அதுதான். நன்றாகக் கொதித்தால்தான் கரையும். ஆனால், 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே இறுக ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜ் குளிர் எல்லாம் அதற்கு வேண்டாம். முதல் நாள் கட்டி கட்டியாகப் போனதற்குக் காரணம், சில்லென்றிருந்த தயிர்.

பரணிலிருந்து துணிப்பை இறங்கியது. வெந்நீரில் இரண்டு முறை அலசினார்கள். நான்கு டேபிள்ஸ்பூன் டீத்தூள், 200 மில்லி கொதிக்கும் தண்ணீர். மகள் ஊற்ற, அப்பா பையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடம். 100 மில்லிக்குக் கொஞ்சம் அதிகமாக, கறுத்த டிகாக்‌ஷன் இறங்கியது.

இன்னொரு பக்கம், 100 மில்லி பாலில் 120 கிராம் சர்க்கரையும், இரண்டு டீஸ்பூன் கடல்பாசித் தூளும் போட்டு, கிளறியபடியே இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டாள். அடுப்பை அணைத்து டிகாக்‌ஷனை அதில் ஊற்றியதும் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இது டீதான!"

ஆமாம், சர்க்கரை தூக்கலான ஸ்ட்ராங் டீ. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், பால் சேர்ந்ததும் டிகாக்‌ஷனின் முரட்டுத்தனம் குறைந்துவிடும். ஆனால், சூடு அதிகம். இப்படியே ஊற்றவும் முடியாது, ஆறட்டும் என்று விட்டால் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

"ஆத்தோணும்" என்றார்.

சொல்லிவிட்டு, பழக்கத்தில் பாத்திரத்தை வலது கையில் எடுத்தும்விட்டார். கை நெஞ்சு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. முகத்தில் வலி தெரிந்தது. பாத்திரத்தை மெதுவாக மேடையில் வைத்தார். மகள் எதுவும் சொல்லவில்லை. 'உங்களுக்கு எதுக்குங்கப்பா' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். கடையை மூடச் சொன்ன அன்றைக்கும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தாள்.

"எப்பிடிங்கப்பா ஆத்தறது? சொல்லுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து நின்றார்.

"மேல இருக்கற கையைப் பாக்காத. கீழ இருக்கற டம்ளரைப் பாரு. ஊத்த ஆரம்பிச்சதுக்கப்புறம் கையைத் தூக்கு. தூக்கிட்டு ஊத்தாத."

முதல் முறை பாதி மேடையில் சிந்தியது. இரண்டாவது முறை கையில் பட்டது. ஐந்தாவது முறை ஓர் அடி உயரத்துக்கு, உடையாத ஒரே கோடாக விழுந்தது. "ம்" என்றார் அப்பா. அம்மா சிந்தியதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாத்திரத்தைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்ததும், தயிர்க் கலவையில் இரண்டு கரண்டியை முதலில் டீயில் கலந்து, பிறகு டீ முழுவதையும் கலவையில் ஊற்றி வேகமாகக் கலக்கினாள். ஒரு கட்டிகூட இல்லை. பிஸ்கட் தளத்தின் மேல் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

டின்னின் வளையத்தைக் கழற்றியபோது கேக் அசையாமல் நின்றது. நிறம், பால் கொஞ்சம் தூக்கலான டீயின் நிறம். முதல் துண்டு அம்மாவுக்கு. "டீ ஆறிப்போன மாதிரியே இல்லீங்க. இது வேற" என்றார் அம்மா. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்குது. தூள் இன்னும் ஒரு கரண்டி போட்டிருக்கலாம். மீடியமா நின்னுருச்சு."

மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டிபன் பாக்ஸில் ஆறு துண்டுகளை அவரே எடுத்து வைத்தார். சட்டை மாற்றினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கடை இருந்த தெருமுனையில்தான் ஆட்டோ ஸ்டாண்ட். கடையை மூடியதிலிருந்து அவர் அந்தப் பக்கமே போனதில்லை. காய்கறி வாங்கக்கூட சுற்றிக்கொண்டு போவார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். டிபன் பாக்ஸ் காலி. கடையில் கிளாஸ் கழுவுகிற மாதிரி, அங்கேயே கழுவி எடுத்து வந்திருந்தார்.

"என்ன சொன்னாங்கப்பா?"

"'அண்ணா, இத்தன நாளு டீ ஆத்துனீங்க. இப்ப வெட்டித் தர்றீங்களா?'ன்னு கேக்கறான் ஒருத்தன்" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கும் கொண்டாங்கன்னாங்க. நாளைக்கெல்லாம் முடியாது, தயிர் ஒரு ராத்திரி தொங்கோணும், கேக்கு ஒரு ராத்திரி குளுரோணும், செவ்வாக்கெழமதான்னு சொல்லீட்டு வந்தேன்."

டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்தார். பிறகு டீத்தூள் டின்னை எடுத்து, மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். அதை மறுபடி பரணில் ஏற்றவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டுகிற உயரத்தில் வைத்தார்.