சீட்டா கேம்ப்பின் குடும்ப மருத்துவர்கள்

மும்பை டிராம்பேயின் சீட்டா கேம்ப், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியிலிருந்து 1976இல் வெளியேற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி;
தமிழர் கணிசமாக வாழும் இங்கு, காய்ச்சல் என்றால் முதலில் தேடப்படுபவர் குடும்ப மருத்துவரே, அதாவது கைக்குழந்தை முதல் முதியவர் வரை ஒரு வீட்டாரின் நோய்களைத் தொடர்ந்து பார்த்துவரும் பொது மருத்துவர்.

திரை மறைத்த ஒற்றை அறை, வெளியே ஒரு பெஞ்ச், ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் சேர்த்தே ஒரு கட்டணம் என நடக்கும் இத்தொழிலில், கதவடைத்தால் அன்றைய வருமானம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை;
காசநோயாளி இருமும் காற்றையே மருத்துவரும் சுவாசிக்கிறார்.

ஆயினும், தாம் ஊசி போட்ட குழந்தை வளர்ந்து தன் குழந்தையைத் தூக்கிவரும் நாளில் அவருக்குக் கிடைக்கும் நிறைவைப் பெரிய மருத்துவமனைகள் தர இயலாது.

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், அதே மும்பையின் தாராவியில் தனியார் மருத்துவர்கள் கவச உடையணிந்து வீடுவீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தனர்;
ஆனால் முந்தைய மாதம் சுகாதாரப் பணியாளர்களுக்கு மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டுக்காக, சொந்தக் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துத் தொற்றால் இறந்த மருத்துவர்களின் குடும்பத்தினர் நீதிமன்றப் படியேற நேர்ந்தது பெரும் அநியாயம்.

இந்தத் தலைமுறை மருத்துவர்கள் ஓய்ந்தபின், அந்த ஒற்றை அறைகளில் யார் வந்து அமர்வார்?