பப்பாப்பழத்துக்கு அடங்காத மலச்சிக்கல்

எங்கட வீடுகளில ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். "நாலு நாளா வெளிக்குப் போகேல்லை" எண்டு மட்டும் வாய் திறந்து சொல்லேலாது. தப்பித் தவறிச் சொன்னாலும் பதில் தயாரா இருக்கும்: பப்பாப்பழம் சாப்பிடு, சுடுதண்ணி குடி, போனை வைச்சிட்டு எழும்பி நட. இந்த வைத்தியத்தில பிழை இல்லை. நார்ச்சத்தும் தண்ணியும் நடையும் கனபேருக்குப் போதும். போதாத ஆக்களைப் பார்த்தும் "நீ மரக்கறி தின்னிறேல்லை" எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறதிலதான் எனக்குக் கோபம்.

என்ர பெரியம்மா கீரை இல்லாமல் சோறு சாப்பிடாத ஆள். அவவுக்கு மாதக்கணக்கா மலச்சிக்கல். கிழமைக்கு ரெண்டு தரம் போனாலே பெரிய காரியம். ஆமணக்கெண்ணெயில இருந்து கடுக்காய் வரைக்கும் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியா ஒரு டொக்டர் வயித்தைப் பற்றிக் கேக்காமல் வேற கேள்வியள் கேட்டார். குளிர் கூடத் தெரியுதா? நிறை கூடினதா? தலைமயிர் கொட்டுதா? எல்லாத்துக்கும் "ஓம்". வயசு போறதால எண்டு அவ தானே முடிவெடுத்து வைச்சிருந்த விஷயங்கள் அவ்வளவும். இரத்தத்தில டிஎஸ்எச் சோதிச்சா, தைரொயிட் சுரப்பு குறைவு. அந்த ஹோர்மோன் குறைஞ்சால் உடம்பின்ர வேகமே குறையும். குடலும் மெதுவாத்தான் அசையும். அதுக்குப் பப்பாப்பழம் என்ன செய்யும்?

அதோட அவ இரும்புச்சத்துக் குளிசையும் போட்டுக்கொண்டிருந்தவ. அதுவும் மலத்தை இறுக்கும். போதாக்குறைக்கு, தைரொயிட் குளிசையோட சேர்த்துப் போட்டால் அது உடம்பில சேர விடாது. நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேணும் எண்டு டொக்டர் சொல்லிவிட்டவர்.

குளிசையள் செய்யிற வேலையைத்தான் நாங்கள் யோசிக்கிறதே இல்லை. கொடீன் கலந்த நோக்குளிசை, கல்சியம், அலுமினியம் கலந்த சில நெஞ்செரிவு மருந்துகள், மனச்சோர்வுக்குக் குடுக்கிற சில மருந்துகள், பிரஷருக்கான வெரப்பமில் எல்லாம் மலச்சிக்கலைக் கொண்டுவரலாம். அதுக்காக நீங்களே நிப்பாட்டிப்போடாதேங்கோ; தந்தவரிட்டச் சொன்னால் மாத்தலாம். கனகாலச் சீனி வருத்தம் குடலின்ர நரம்புகளைப் பாதிக்கும். பார்கின்சன் வருத்தத்தில கை நடுங்கத் தொடங்க வருஷக்கணக்குக்கு முன்னமே மலச்சிக்கல் வரலாம்.

பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பயந்து பின்னேரம் வரைக்கும் அடக்கிப் பழகின பெட்டையளின்ர கதை வேற. அதை இன்னொரு நாள் எழுதவேணும்.

மலத்தில இரத்தம், காரணமில்லாமல் நிறை குறையிறது, இரத்தச்சோகை, அம்பது வயசுக்குப் பிறகு புதுசா மாறின பழக்கம் எண்டால் பெருங்குடல் புற்றுநோய் இல்லை எண்டு உறுதிப்படுத்தவேணும். வயிறு ஊதி, காத்தும் பிரியாமல், சத்தியும் வந்தால் அண்டைக்கே ஆசுப்பத்திரி.

ஓபிடி வரிசையில பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கும் எண்டு வெக்கமா இருந்தால், ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ: எப்ப தொடங்கினது, எத்தினை நாளைக்கு ஒருக்கால், என்னென்ன குளிசை போடுறீங்கள். குளிசை மட்டையளையும் கையோட கொண்டு போங்கோ.